மேல் மாடி வழியாக ஒரு கேபிள்

ஆன்டெனா மொட்டை மாடியில் இருந்தது, ரேடியோ கீழ்த்தளத்தின் பின்னறையில். நடுவில் அக்கா குடியிருந்தாள்.

அப்பா கட்டிய வீடு. மேலே அக்கா தனியாக, மருந்துக்கடை நடத்துகிறாள். கீழே தங்கையும் அவள் கணவனும். அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை, அவன் பஸ் ஓட்டுகிறான். அப்பாவுக்கு ஆபரேஷன் செய்தே தீரவேண்டும் என்று அக்கா பிடிவாதமாக நின்றாள். உடம்பு தாங்காது என்றாள் தங்கை. ஆபரேஷன் நடந்தது, அப்பா கண் விழிக்கவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே வார்த்தை தடித்தது. அதன்பிறகு படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஒருத்தி சுவரைப் பார்ப்பாள், இன்னொருத்தி செருப்பைப் பார்ப்பாள்.

பொழுதுபோக்காக மற்றவர்களோடு பேச அமெச்சூர் ரேடியோ உரிமம் வாங்கிய தங்கைக்கு ஒரே ஒரு குறை. மலைக்கு அந்தப் பக்கம் கப்பல் பட்டறையில் வேலை செய்யும் வெல்டர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமைகளில் அலைவரிசைக்கு வருவார். ஊரிலிருக்கும் மற்ற ரேடியோக்காரர்கள் அவரோடு அரட்டை அடிப்பார்கள். இவளுக்கு மட்டும் எண்ணெயில் அப்பளம் பொரிவது போல் இரைச்சல்தான் வரும்.

கருவி வைத்து அளந்து பார்த்தாள். ரேடியோவிலிருந்து கிளம்பும் சக்தியில் பாதிக்கு மேல் ஆன்டெனாவைத் தொடுவதற்குள் கேபிளிலேயே சூடாகித் தொலைந்துகொண்டிருந்தது. வருகிற சிக்னலுக்கும் அதே கதி. கேபிள் மெல்லியது, போதாததற்குத் தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற பாதை. பின்சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியிருந்ததால் அது பின்னறையிலிருந்து கூடத்தைக் கடந்து, வாசல் வழியாக வெளியேறி, முன்சுவரில் ஏறி, மொட்டை மாடியில் மறுபடி பின்னால் போனது.

"ஊரைச் சுத்திப் போனா டீசல் குடிக்கத்தானே செய்யும்," என்றான் கணவன்.

கேபிள் கடைக்காரர் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு டிவி கேபிளை ஒதுக்கினார். அது இந்த ரேடியோவுக்குப் பொருந்தாது என்று அவளுக்கும் தெரியும். பிறகு விரல் தடிமனில் ஒரு கறுப்புக் கேபிளை வெட்டிக் காட்டினார். நடுவில் முரட்டுச் செம்புக் கம்பி, சுற்றிலும் நுரை போன்ற வெள்ளைப் பிளாஸ்டிக், அதன்மேல் தகடு, அதற்கும் மேல் கம்பிப் பின்னல். இழப்பு மிகக் குறைவு, ஆனால் வளைக்கலாமே தவிர மடிக்கக் கூடாது, மடித்தால் நடுக்கம்பி நகர்ந்துவிடும் என்றார். எவ்வளவு உசத்தியான கேபிளும் நீளத்துக்கு வரி கட்டியே ஆகவேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டார். அவள் அதையே வாங்கினாள்.

வாசல் நிலைப்படி வரைக்கும் கேபிள் ஒழுங்காக வந்தது. அங்கே செங்குத்தாகத் திரும்ப மறுத்தது. கணவனும் மனைவியும் மல்லுக்கட்டியதில் நிலைப்படியின் பெயின்ட்தான் உரிந்தது.

அவன் பின்னறைக்குத் திரும்பிக் கூரையைப் பார்த்தான். அங்கிருந்து, நேர் மேலே இருக்கும் அக்காவின் சாமான் அறை வழியாக முன்பு ஒரு தண்ணீர்க் குழாய் ஏறியிருந்தது. குழாயை எடுத்தபின் ஓட்டைகளைச் சிமென்ட் வைத்து அடைத்திருந்தார்கள். அவற்றைத் திறந்தால் பாதை நேர்க்கோடு, நீளம் பாதிக்கும் கீழே.

"நீங்க போய்க் கேளுங்களேன்," என்றாள்.

"உங்க அக்கா. நீயே கேளு," என்று அவன் டியூட்டிக்குக் கிளம்பிவிட்டான்.

சாயங்காலம் அக்கா கடையிலிருந்து வந்ததும் தங்கை மேலே போனாள். அக்கா கதவைத் திறந்து, உள்ளே வா என்றும் சொல்லாமல், போ என்றும் சொல்லாமல் நின்றாள். தங்கை கேபிள் துண்டை நீட்டி விஷயத்தைச் சொன்னாள். அக்கா அதை வாங்கி, மாத்திரையைப் பார்ப்பது போல வெட்டுமுகத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வேறு எதையோ கேட்டாள்.

"அன்னைக்கு நீ சொன்னபடி விட்டிருந்தா அப்பா இருந்திருப்பாரா?"

தங்கை இதை எதிர்பார்க்கவில்லை. ஆம் என்று சொல்லத்தான் இத்தனை காலம் மனதுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தாள். வாயில் வேறு வந்தது.

"தெரியலக்கா. அப்பவும் எனக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா எனக்குப் போதுமாயிருந்தது," என்றாள் அக்கா. குரலில் கோபம் இல்லை. பிறகு அவள் சாமான் அறை விளக்கைப் போட்டு, மருந்துப் பெட்டிகளைச் சுவரோரமிருந்து நகர்த்த ஆரம்பித்தாள். தங்கையும் ஒரு முனையைப் பிடித்தாள்.

கேபிள் ஒரே துண்டாக, எங்கும் மடியாமல் ஏறியது. ஞாயிறன்று வெல்டரின் குரல் இரைச்சலுக்கு மேலே தெளிவாக வந்தது. அவர் தன் முழங்கால் வலியைப் பற்றி யாரிடமோ புலம்பிக்கொண்டிருந்தார். தங்கை குறுக்கிட்டு, உரிமத்தோடு கிடைத்த தன் அழைப்புக்குறியைச் சொன்னாள். அவர் பதில் கொடுத்தார். இவ்வளவு நாள் எங்கே இருந்தீர்கள் என்றும் கேட்டார்.

அப்போது கதவு தட்டப்பட்டது. அக்கா படியிறங்கி வந்திருந்தாள். இவள் பேசும்போதெல்லாம் தன் டிவிக்குள் வாத்து கத்துகிறதாம். ரேடியோவில் வெல்டர் மறுபடி முழங்கால் வலிக்கே திரும்பியிருந்தார்.

தங்கை கேபிள் முனையைக் கழற்றிப் பார்த்தாள். பின்னலின் ஒரு பக்கம் பற்றவைப்பில் ஒட்டாமல் நின்றது; அந்த இடைவெளி வழியாகத்தான் சிக்னல் கசிந்து அக்காவின் டிவிக்குள் போயிருந்தது. ஈயம் வைக்கும் கோல் சூடாகும் வரை அக்கா நாற்காலியில் உட்கார்ந்து, யார் அந்த ஆள், முழங்காலுக்கு என்ன மருந்து சாப்பிடுகிறான் என்று விசாரித்தாள்.