வீல்செயார் வேண்டாதவள்

மொன்ட்ரியாலில் இருந்து கொழும்புக்குப் பறக்கிற யாழ்ப்பாணத்துப் பெரியவர்களில் பாதிப்பேருக்கு விமான நிலைய வாசலில் கால் வராமல் போய்விடும். முதல்நாள்வரை நன்றாக நடந்தவர்கள்தான். கோயில் வீதியைச் சுற்றியவர்கள், மலிவு விற்பனை என்றால் கதவு திறக்குமுன் போய் நின்றவர்கள். டிக்கெட் எடுக்கும்போதே வீல்செயாருக்குச் சொல்லி வைத்திருப்பார்கள். டோஹாவில் இறங்கி அடுத்த பிளேனைத் தேடவேண்டும். இங்கிலீசும் ஓடாது, பிரெஞ்சும் ஓடாது. நாற்காலியில் ஏறி உட்கார்ந்தால் யாரோ ஒரு பையன் பார்சலைப்போலத் தள்ளிக்கொண்டுபோய்ச் சரியான வாசலில் விடுவான். வரிசையும் இல்லை. கொழும்பில் பெட்டி எடுக்கிற இடத்தில், கடவுள் கிருபையால், கால் திரும்பி வந்துவிடும்.

அருமைநாதனுக்கும் பல தடவை கால் போய் வந்திருக்கிறது. மொன்ட்ரியாலின் கோட்-டெ-நேஜ் பகுதியில் நீண்டகாலம் சேலைக்கடை வைத்திருந்தவர் அவர். நூல் அறுந்த சேலையையும் பழுது தெரியாமல் விரித்துக் காட்டுவார். "வாங்கிறவன்ர கண்ணைக் கொஞ்சம் அங்கால திருப்பிவிட்டாக் காணும்" என்பதுதான் அவருடைய வியாபாரம் முழுவதும்.

இந்தமுறை வந்த சோதனை தலைகீழானது. அவர் மனைவி சிவமலருக்கு உண்மையாகவே நடக்க முடியவில்லை. அது ஒருவருக்கும் தெரியக்கூடாது.

இருதயம் பெருத்துச் சோர்ந்துவிட்டது என்று டொக்டர் சொன்னார். பறப்பதற்கு ஏற்ற உடல்நிலை என்று கடிதம் தரமுடியாது என்றும் சொன்னார். பிளேனுக்குள் இருப்பது தரைக் காற்று அல்ல, மலையுச்சிக் காற்று. இந்த இருதயம் அதைத் தாங்காது.

"எவ்வளவு உயர மலை எண்டு கேள் பிள்ளை" என்றார் அருமைநாதன். மகள் நிரோஜா பிரெஞ்சில் கேட்டுச் சொன்னாள்.

"அது நுவரெலியாதானே! கலியாணம் முடிச்ச கையோட போனனாங்கள். கொம்மா என்னைவிட வேகமா ஏறினவ."

"அப்பா, அப்ப அம்மாவுக்கு என்ன வயசு?"

ஆனால் போகவேண்டிய காரணம் இருந்தது. வெள்ளவத்தையில் சிவமலரின் தங்கை நீலாவதி இருந்தாள். கூடப்பிறந்தவர்களில் மிஞ்சியது அவள் ஒருத்திதான். இரண்டு தடவை விண்ணப்பித்தும் அவளுக்குக் கனடா விசா கிடைக்கவில்லை. "போனில முகத்தைப் பாத்து என்ன செய்ய? அவளின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு கொஞ்சநேரம் இருக்கோணும். பேந்து என்னவும் நடக்கட்டும்" என்றாள் சிவமலர். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

வீல்செயார் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். அவள் முகத்தைப் பார்த்தால் கட்டாயம் கேட்பார்கள். பிறகு டொக்டரின் கடிதம் என்பார்கள். ஆகவே நடந்துதான் ஏறவேண்டும்.

டிக்கெட் போடுகிற ரதீசனிடம் அருமைநாதன் விலை கேட்கவில்லை. என்ன பிளேன் என்று கேட்டார். புதுவகைப் பெரிய பிளேன்களின் உடம்பு கார்பன் ஃபைபர் எனும் கரிநாரில் செய்தது, உள்ளே கூடக் காற்றை அடைத்து வைத்தாலும் தாங்கும், அதனால் மலை கொஞ்சம் பதிவாக, உயரம் குறைந்ததாக இருக்கும் என்று எங்கோ விசாரித்து அறிந்திருந்தார்.

"அண்ணை, இவ்வளவு காலமும் விலையைக் கேட்டு என்ரை உயிரை எடுத்தனீங்கள். இண்டைக்குப் பிளேன்ர உடம்பை விசாரிக்கிறியள். பொம்பிளை பாக்கிற மாதிரியெல்லோ இருக்கு!"

"கதையை விடு. புதுசைப் போடு."

சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு எழுந்தார். ரதீசன் பயந்துபோனான்.

புறப்படும் நாளில் நிரோஜா சூர்ஸ் வீதியால் காரை ஓட்டிவந்து விமான நிலையத்தில் நிறுத்தினாள். இறங்குமுன் பின்சீட்டுக்கு வந்து, தாயின் நீலம் பாய்ந்த உதடுகளுக்குச் சாயம் பூசினாள்.

"கடைசிக் காலத்தில என்னை டான்ஸ்காரி ஆக்கிறாய்" என்றாள் சிவமலர்.

"கதையாதேங்கோ அம்மா, கோணிடும்." நிரோஜா சாயக் குச்சியை மூடினாள். "இது விசர் வேலை. நான் இதுக்கு ஒத்துக்கொண்டிருக்கக்கூடாது."

"நீ ஒத்துக்கொள்ளாட்டி நான் பஸ்ஸில வந்திருப்பன்."

செக்-இன் மேசையில் இருந்த பெண் "போன்ஜூர்" சொல்லிச் சிரித்தாள். சிவமலரைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள். "மதாமுக்கு வீல்செயார் ஏதும் வேண்டுமா?"

"நோன், மெர்சி" என்றாள் நிரோஜா. அதே கணம் அருமைநாதன் ஒரு பெட்டியைத் தூக்கித் தராசில் போட்டார். சிவப்பு எழுத்து எரிந்தது. அவர் வேண்டுமென்றே பாரம் ஏற்றிய பெட்டி அது. பிறகு அங்கே ஒரு சந்தையே கூடியது. பெட்டியை நிலத்தில் திறந்தார்; சொக்லேட்டை எடுத்தார், போர்வையை எடுத்தார், திரும்ப வைத்தார். இது குழந்தைகளுக்கு, இது கோயிலுக்கு என்று தன் உடைந்த பிரெஞ்சில் மன்றாடினார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். அந்தப் பெண் தலையில் கைவைத்துக்கொண்டாள். அவ்வளவு நேரமும் சிவமலர் ட்ரொலியில் சாய்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. கடைசியில் இருவருக்கும் போர்டிங் அட்டைகள் கைக்கு வந்தன.

பாதுகாப்புச் சோதனை வாசலில் நிரோஜா நின்றுவிட்டாள். அதற்கு மேல் அவளை விடமாட்டார்கள். தாயை இறுக்காமல், மெல்லத்தான் அணைத்தாள்.

"இறங்கின உடன போன் எடுங்கோ அம்மா."

"நீலா எடுப்பாள்" என்றாள் சிவமலர்.

உள்ளே ஒவ்வொரு கடையாக நின்று நின்று நடந்தாள். வாசனைத் திரவியக் கடையில் போத்தல்களைப் பார்த்தாள், அடுத்ததில் மேப்பிள் பாணி டின்களைப் பார்த்தாள். பார்ப்பவர்களுக்கு ஆசை தீராத பெண். அருமைநாதன் பக்கத்தில் நின்று, அவள் மூச்சு இறங்கும்வரை, வாங்கப்போகாத பொருளின் விலைகளை உரக்க வாசித்தார்.

பிளேன் வாசலில் நாற்காலிகள் வரிசையாக நின்றன. எல்லாம் நம்முடைய ஆட்கள். முதல் நாற்காலியில் றோஸ்மேரி, நோத்ர-டாம்-த-கிரேஸில் இருப்பவள், பழைய கடை வாடிக்கை. தேத்தண்ணிக் கோப்பையை எறிய எழுந்து குப்பைத்தொட்டிவரை விறுவிறென்று போய்த் திரும்பிவந்து நாற்காலியில் சரிந்தவள், சிவமலரைக் கண்டாள்.

"அக்கா! நடந்தோ வாறியள்? என்ன வடிவா லிப்ஸ்டிக்கும் போட்டு!"

"ஓம்" என்றாள் சிவமலர்.

"குடுத்து வச்சனீங்கள். எனக்கெண்டா முழங்கால் ரெண்டும் போச்சு. அண்ணை, போய் இறங்கினதும் அக்காவுக்கு நாவூறு கழிச்சுப் போடுங்கோ. என்ரை கண்ணே பட்டிடும்."

சிவமலர் சிரித்தாள். அருமைநாதனும் சிரிக்கப் பார்த்தார்.

உள்ளே பிளேன் ஒரு கலியாண மண்டபம்போல அகன்று கிடந்தது. இரண்டு நடைபாதை, மும்மூன்று ஆசனங்களாய் வரிசைகள். அவளை யன்னலோரம் இருத்திப் பட்டியைப் பூட்டிவிட்டார்.

"கதவு சாத்தியாச்சோ?"

"ஓம்."

"இனி இறக்கமாட்டினமோ?"

"ஓடத் தொடங்கிட்டுது. இனி ஆர் இறக்கிறது?"

"எழும்பட்டும்" என்றாள்.

எழும்பியது. அவ்வளவு பெரிய உடம்பு எழுந்ததே தெரியவில்லை. காதுமட்டும் அடைத்தது.

"எழும்பிட்டுது, மலர். வெண்டிட்டம்" என்று அவர் திரும்பினார்.

பக்கத்தில் இருந்த சிவமலர் வேறொருத்தியாகத் தெரிந்தாள். அவள் முன்னுக்குச் சரிந்து, எதிர் ஆசனத்தின் முதுகில் நெற்றியை வைத்திருந்தாள். மூச்சு விசில்போலச் சத்தமாக வந்தது. இப்படி ஒரு சத்தத்தை அவர் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை.

"மலர்! என்ன செய்யுது?"

"ஒண்டும் செய்யேல்லை. நடிக்கிறதை விட்டிட்டன், அவ்வளவுதான்."

"எப்ப இருந்து இப்பிடி?"

"கனநாளாய். படுத்தா மூச்சு நிண்டிடுது. நீங்கள் நித்திரையானாப்பிறகு கதிரையில போய் இருப்பன். சீரியல் பாத்தனான் எண்டெல்லாம் சொன்னது பொய்."

"என்னட்டையும் ஏன் மறைச்சனீர்?"

"சொல்லியிருந்தா டிக்கெட் எடுத்திருப்பியளோ?"

ஊர் முழுவதற்கும் சரக்கு விற்றவரின் தலையிலேயே கட்டிவிட்டாள். செக்-இன் பெண்ணை ஏமாற்றத் தான்தான் அவளுக்குப் பாடம் நடத்தியதாக நினைத்திருந்தார். கெட்டிக்காரி அதற்கு முன்பே பழகி முடித்திருந்தாள்.

அவர் கை மேலே, பணிப்பெண்ணைக் கூப்பிடும் பொத்தானுக்குப் போனது. அவள் அதைப் பிடித்து இறக்கினாள்.

"அமத்தினா திருப்பிடுவாங்கள்."

"திருப்பட்டும்."

"திருப்பினா ஆஸ்பத்திரிக் கட்டில். நீலாவைப் பாக்கேலாது."

"பாக்காட்டிப் போகுது. எனக்கு நீர் உயிரோட வேணும்."

"எவ்வளவு காலத்துக்கு?" என்று கேட்டாள். கோபமாக அல்ல, கடையில் முழம் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

அவர் கை மறுபடி பொத்தானுக்குப் போகவில்லை.

தண்ணீர்த் தட்டோடு பணிப்பெண் வந்து நின்றாள். குனிந்து, மதாமுக்கு எல்லாம் சரிதானா என்று இங்கிலீசில் கேட்டாள். சிவமலர் நெற்றியை எடுத்து நிமிர்ந்தாள். அதற்கு எங்கிருந்து பலம் எடுத்தாளோ. பணிப்பெண்ணைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தாள்.

ஒரு சொல் போதும். திருப்பிவிடுவார்கள். கீழே அம்புலன்ஸ் நிற்கும். இன்னும் சிலநாள், சிலவேளை சில கிழமை, அவள் அவருக்குக் கிடைப்பாள்.

"எல்லாம் சரி" என்றார் அருமைநாதன். "ஷி இஸ் ஜஸ்ட் டயர்ட்."

பணிப்பெண் இரண்டு கோப்பை தண்ணீரை வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.

அவர் பட்டியைத் தளர்த்தி, அவள் பக்கம் திரும்பி, அவள் சரியாமல் இருக்கத் தன் தோளையும் மார்பையும் முட்டுக் கொடுத்தார். அவள் தலை அவர் கழுத்தடியில் வந்து பொருந்தியது. ஒவ்வொரு மூச்சும் வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். முன்னால் இருந்த திரையில் ஒரு சின்னப் பிளேன் நதியோரமாக ஊர்ந்துகொண்டிருந்தது. அது இன்னும் கியூபெக் மாகாணத்தையே தாண்டவில்லை.