போனில் வந்த முகம்

பஸ் கிளம்புவதற்கு முன்பே எல்ஸிக்கு நெஞ்சு இறுகியது. ஈப்போ பஸ் நிலையத்தில் தெலுக் ஆன்சன் பஸ் உறுமிக்கொண்டு நிற்க, கறுப்புப் புகை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. போன வருடம் இதே பஸ்ஸில், கம்பாரைத் தாண்டுவதற்குள் இளைப்பு வந்து அவளுக்கு உதடு நீலம் பாரித்துவிட்டது. கணவர் லியோனார்ட் அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். இனி இந்தப் புகையில் பயணமே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இன்று லியோனார்டிடம் சொல்லாமல்தான் வந்திருந்தாள்.

எல்ஸி பள்ளியில் ஓவிய ஆசிரியை. காகிதத்தில் வரைந்தே பழகியவளுக்கு முதல் தடவையாக ஒரு சுவர் கிடைத்திருந்தது. தெலுக் ஆன்சன் பக்கத்துத் தோட்டமொன்றில் தொழிலாளர்கள் கட்டிய மண்டபத்துச் சுவர். பயணம் முடியாதென்று அவள் மறுக்கப் போனபோது, மண்டபச் செயலாளர் ஜெயபாலன்தான் விடவில்லை. "நீங்க வரவே வேணாம் டீச்சர். சுவரளவுக்கு வரைஞ்சு குடுங்க, எங்க ஆளுங்க செஞ்சிருவாங்க லா."

சாமான் ஏற்ற வந்த தோட்ட லாரியிலேயே படம் போனது. உடைந்த பீங்கான் துண்டுகளைச் சிமெண்டில் பதித்து அதைச் சுவரில் ஏற்றும் வேலை கொத்தனார் சதாசிவத்துக்கும் அவர் மனைவி நவமணிக்கும். சாயங்காலமானால் நவமணி தோட்டத்துச் சீனர் மளிகைக் கடையிலிருந்து போன் செய்வாள். ஆறு, ரப்பர் மரங்கள், பால் வாளி தூக்கிய பெண்ணின் சேலை மடிப்பு எல்லாம் பேசிப் பேசியே சுவரில் ஏறின. ஆனாலும் போனை வைத்ததும், தன் குழந்தையை யாரோ குளிப்பாட்டுவதைக் கதவுக்கு வெளியே நின்று கேட்பது போலிருக்கும் எல்ஸிக்கு.

நேற்று நவமணி போனில் அழுதுவிட்டாள். கூரை ஒழுகி, காகிதப் படத்தில் முகம் இருந்த பகுதி மட்டும் கரைந்துபோயிருந்தது. சுவரில் அந்தப் பெண்ணுக்குக் கழுத்துக்கு மேல் வெறும் சிமெண்ட். நாளை மறுநாள் திறப்பு விழா. அதற்குள் லாரியும் வராது. நான் வருகிறேன் என்று எல்ஸி சொல்லிவிட்டாள்.

இருமல் பிடித்துக்கொண்டது. பஸ் நகரத் தொடங்கும்போது கதவைத் தட்டி இறங்கிவிட்டாள். எதிரே இருந்த காப்பிக் கடையில் உட்கார்ந்து, மூச்சு சீரான பிறகு, அங்கிருந்தே மளிகைக் கடைக்குப் போன் போட்டாள். நவமணியைக் கூப்பிட்டு வந்தார்கள்.

"என்னால வர முடியல, நவமணி."

"அப்ப மூஞ்சிக்கு என்ன டீச்சர் செய்யிறது?"

எல்ஸி மனதில் வைத்திருந்த முகம் அழகானது, சோகமானது, யாருடையதும் அல்ல. அதைப் போனில் எப்படிச் சொல்வது?

"இப்ப உன் பக்கத்துல யாரு நிக்கிறா?"

"வீரம்மா அக்கா. கருவாடு வாங்க வந்திருக்காங்க."

"அவங்க மூஞ்சி எப்படி இருக்கு, நிதானமா சொல்லு."

"தாடை அகலம் டீச்சர். ஒரு புருவம் மட்டும் மேல தூக்கியே இருக்கும். எப்பவும் நம்மள ஏதோ கேக்கப்போற மாதிரி."

"என் மூஞ்சியப் பத்தி என்னாடி போன்ல பேச்சு?" என்று பின்னால் ஒரு கனத்த குரல். கடையே சிரிப்பது கேட்டது. எல்ஸியும் சிரித்தாள்.

பொட்டலம் கட்டும் தாளில், காதில் விழுந்ததை வரைந்தாள். வரைந்ததைத் துண்டுகளாகத் திருப்பிச் சொன்னாள்: புருவத்துக்கு நக அளவில் கறுப்பு, கன்னத்துக்குப் பெரிய பழுப்பு, அதன் ஓரத்தில் வெள்ளை. நவமணி அட்டையில் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டே மறுத்தாள். "இல்ல டீச்சர், கன்னம் அவ்வளவு ஒட்டல." எல்ஸி அழித்து வரைந்தாள். காப்பி ஆறி ஆடை கட்டியது.

விழா முடிந்து லாரியில் வந்த ஜெயபாலன் சுவருக்கு முன் எல்லோரும் நிற்கும் ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம் கொடுத்துவிட்டுப் போனார். எல்ஸி அதைக் கவிழ்த்து வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு திருப்பினாள். முதலில் வரைந்த முகம் இல்லை. தாளில் வரைந்ததும் இல்லை. தாடை சற்றுக் கோணியிருந்தது. ஆனால் அந்தப் பெண் புருவத்தைத் தூக்கி நேராக அவளைப் பார்த்தாள்.

"யாரு இது?" லியோனார்ட் குனிந்து பார்த்தார்.

"வீரம்மா."

"ஒனக்குத் தெரிஞ்சவங்களா?"

"போன்ல பழக்கம்."

படத்தின் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, இன்னொரு பெண் நின்றிருந்தாள், நவமணியாகத்தான் இருக்கும். எல்லோரும் கேமராவைப் பார்க்க, அவள் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பி, முந்தானையால் ஒரு பீங்கான் துண்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை மட்டும் அசைந்து, புகைப்படத்தில் மங்கலாக விழுந்திருந்தது.