இரண்டு மைனஸ்

மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்தில் யசோதினி இருந்த லயத்து வரிசை வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் மாலையில் ஒரு தடவைதான் வரும். எந்த நேரம் என்று யாருக்கும் தெரியாது. பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு வந்து சற்றுச் சாய்ந்தால் அசந்துவிடுவாள். விழித்துப் பார்த்தால் குழாய் காய்ந்திருக்கும். பிறகு குடத்தோடு பள்ளத்தில் ஊற்றுத் தண்ணீர் விழும் பீலிக்கு இறங்கி ஏற வேண்டும். கணவன் விஜேந்திரனுக்குக் கொழும்பில் வேலை; தண்ணீர் பிடிக்க வீட்டில் வேறு ஆளில்லை.

அதனால்தான் போனில் வீடியோ பார்த்து, தண்ணீர் பட்டால் அலறும் மணி ஒன்றைச் செய்ய உட்கார்ந்தாள். சாமான்களைப் பசறை டவுனில் போன் திருத்தும் ஜௌபர் கொடுத்திருந்தார். சின்ன சர்க்யூட் போர்டுக்குக் கரண்ட் போன் சார்ஜரிலிருந்து. ஹோர்னுக்குப் பழைய பைக் பேட்டரியிலிருந்து.

ஞாயிற்றுக்கிழமை எல்லாவற்றையும் மாட்டி, ஈரத்தை உணரும் சென்சரை டம்ளர் தண்ணீரில் வைத்தாள். போர்டில் லைட் எரிந்தது. ஹோர்ன் பேசவில்லை. வீடியோக்காரர் வார்த்தைக்கு வார்த்தை ‘கிரவுண்ட்’ என்றது நினைவுக்கு வர, வாசலில் ஒரு கம்பியை அடித்து இறக்கி, போர்டின் கிரவுண்ட் வயரை அதில் சுற்றினாள்.

“என்னத்த நட்டுக்கிட்டிருக்க?” என்றாள் பக்கத்து வீட்டு சிவசக்தி.

“கரண்டுக்கு மண்ணு வேணுமாம்க்கா.”

அப்போதும் சத்தம் இல்லை. எல்லாவற்றையும் வாரிக் குப்பையில் கொட்டலாம் போலிருந்தது. கடைசியாக ஜௌபருக்கு போன் போட்டாள்.

“மண்ணுல ஏன் தங்கச்சி குத்தினீங்க?”

“கிரவுண்டுன்னா தரைதானே நானா?”

“பேருதான் அப்படி. இதுல கிரவுண்டுன்னா மைனஸ் பக்கம். போர்டுலருந்து போற கரண்ட் திரும்பி வர வழி வேணும். உங்க போர்டும் பேட்டரியும் தனித்தனியா நிக்குது. ரெண்டு மைனஸையும் ஒண்ணாச் சேருங்க. அப்பதான் ரெண்டுக்கும் பூஜ்யம் வோல்ட் ஒரே இடத்துல இருக்கும்.”

“அப்ப ப்ளஸ்ஸையும் சேக்கணுமா?”

“ஐயோ, அதத் தொடவே வேணாம்.”

கம்பியிலிருந்து வயரை அவிழ்த்து, பேட்டரியின் மைனஸில் முறுக்கினாள். சென்சரை மறுபடி டம்ளரில் விட்டாள். ஹோர்ன் போட்ட சத்தத்தில் சிவசக்தி பதறிக்கொண்டு ஓடிவந்தாள். யசோதினிக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்லை. சுவரில் சாய்ந்து, “சரியாயிருச்சுக்கா” என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் மழையில் நனைந்து மலையிலிருந்து வந்தவள், சென்சரைக் குழாயடியில் வைத்த காலி வாளியில் தொங்கவிட்டுவிட்டுப் படுத்தாள். கண் செருகிய அந்த நொடியிலேயே ஹோர்ன் அலறியது. தான் செய்த மணி மீதே அவளுக்கு ஆத்திரம் வந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது; சத்தம் கேட்டு சிவசக்தி அவளுக்கு முந்தியே குடத்தோடு வாசலில் நின்றிருந்தாள்.