முதுகுக்குப் பின்னால் ஒரு கைதட்டல்

முத்துப்பாண்டிக்கு ராஜபாளையத்தில் இரண்டு பிழைப்பு. நாய்க்குட்டி விற்பார், கால்பந்து கிளப் நடத்தி, தேறிய ஆட்டக்காரர்களைப் பெரிய கிளப்புகளுக்கு விலைபேசி அனுப்புவார். குட்டி வாங்க வருகிறவர் கண்ணெதிரே, அதன் முதுகுப் பக்கம் நின்று கைதட்டிக் காட்டுவார். ராஜபாளையத்து வெள்ளை ஜாதி நாயில் செவிடு அதிகம். திரும்பாத குட்டி காசு பெறாது. அதைச் செண்பகத்தோப்புக் காட்டோரம் விட்டுவிட்டு வந்துவிடுவார். அதற்குப் பைக் ஓட்டிப்போவது கோல்கீப்பர் கிறிஸ்டோ.

அன்று கிறிஸ்டோவை விலைக்குக் கேட்டுத்தான் சென்னை கிளப்காரர் மைதானத்துக்கு வந்திருந்தார்.

“பன்னெண்டு லட்சம் சார். பையன்ட்ட ஒரு குறை சொல்ல முடியாது,” என்ற முத்துப்பாண்டி, பழக்கதோஷத்தில், வலை கட்டிக்கொண்டிருந்தவன் பின்னால் போய்ப் படாரென்று கைதட்டினார்.

மைதானமே திரும்பியது. கிறிஸ்டோ திரும்பவில்லை.

போன மாதம் கோல் கம்பத்தில் மண்டை மோதி விழுந்ததிலிருந்து, கூப்பிட்டால் திரும்பாதவனைத் திமிர் பிடித்த நாய் என்று ஏசிக்கொண்டிருந்தது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. சென்னைக்காரர் காரில் ஏறிக் கிளம்பிவிட்டார்.

புழுதி பறந்ததைக் கண்டு திரும்பிய கிறிஸ்டோ, இன்னும் சேர்ந்தபடியே இருந்த அவர் கைகளைப் பார்த்தான்.

“அண்ணாச்சி, செண்பகத்தோப்புக்கு இன்னைக்கும் நாந்தான் பைக் ஓட்டணுமா?”