எழுநூறாம் அலை, மாவடை மரவடை உள்பட

எங்கள் தாலுகாவில் அலைக்கற்றையையும் நிலத்தைப் போலவே சங்கிலி பிடித்து அளந்து, பத்திரம் எழுதி, சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்கிறோம். நிலத்துக்குத் திங்கள், செவ்வாய். அலைக்குப் புதன். நான் பத்திர எழுத்தர் நாகமாணிக்கம். அலுவலக வாசலில் மேஜை போட்டு இருபத்திரண்டு வருடமாக எழுதுகிறேன். என் பத்திரத்தில் ஓர் அடித்தல் திருத்தலைக் காட்ட முடியாது. இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

அலைகளில் பல ரகம். இரண்டாயிரத்து முந்நூறு மெகாஹெர்ட்ஸ் துறுதுறுப்பானது, ஓட்டமாக ஓடும். ஆனால் ஒரு புளியமரம் குறுக்கே நின்றால் அங்கேயே உட்கார்ந்துவிடும். எழுநூறு அப்படியில்லை. நிதானமாக நடக்கும், மலையேறும், சுவருக்குள் நுழையும். ஒரே கோபுரம் ஏழரைமலை முழுவதற்கும் போதும். (ஏழரைமலை என்பது ஏழு மலையும் ஓர் அரை மலையும்.) இத்தனை காலமும் நல்ல அலையெல்லாம் சமவெளிக்கே போய்க்கொண்டிருந்தது. இந்த வருடம்தான் கொள்கையை மாற்றினார்கள். இனி மலைக்குக் கொடுத்த பிறகே சமவெளிக்கு. அரசாணை வந்த அன்று அதை நான் மேஜை மேல் ஏறி நின்று சத்தமாக வாசித்தேன். டீக்கடையில் கைதட்டினார்கள்.

முதல் ஆளாக வந்து நின்றவர் மலையுச்சியில் இருக்கும் ஊஞ்சக்காட்டு ஊராட்சித் தலைவி கொலுசம்மா.

"மூணு வருசம் முன்னாடி மூத்த மகளை, வலி எடுத்ததும் தூளி கட்டித் தூக்கிட்டு இறங்கினோம் தம்பி. ஆம்புலன்சுக்குச் சொல்ல சிக்னல் இல்ல. வயித்துப் பிள்ளை வழியிலயே போயிருச்சு. இப்பச் சின்னவ வெள்ளச்சிக்கு ஒன்பதாம் மாசம்."

"அழாதீங்கம்மா, இன்னைக்கே எழுதிருவோம்" என்று பேனாவைத் திறந்தேன்.

சர்வேயர் பிச்சாண்டி சங்கிலியை இழுத்தார். பத்து மெகாஹெர்ட்ஸ் சரியாக இருந்தது. அதற்கும் சமவெளி அலைக்கும் நடுவில் விதிப்படி வரப்பு விட்டார். இரண்டு அலைகள் உரசிச் சண்டை போடாமலிருக்கத்தான் வரப்பு. அது யாருக்கும் சொந்தமில்லை. அதில் ஒரு சத்தமும் கேட்கக் கூடாது.

அந்த எழுநூறில் முன்பு ஒரு தொலைக்காட்சி நிலையம் குடியிருந்தது. நிலையத்தை மூடிப் பதினோரு வருடம் ஆகிறது. ஆனால் செய்தி வாசிப்பாளர் ஆதிமூலம் மட்டும் தன் மேஜை, பூச்சாடி, பின்னால் மாட்டிய வரைபடம் சகிதம் உள்ளேயே இருந்தார். தினமும் ஏழு மணிக்கு யாரும் கேட்காத செய்தியை வாசித்தார். அவரைக் காலி செய்துவிட்டு வெறும் அலையாகத்தான் ஒப்படைக்க வேண்டும் என்று அரசாணையில் தெளிவாக இருந்தது.

எனக்குத்தான் சந்தோஷத்தில் கை நிற்கவில்லை. வடக்கே போலீஸ் ஒயர்லெஸ், தெற்கே வரப்பு என்று நான்கெல்லையும் எழுதிவிட்டு, நிலப் பத்திரத்தில் எழுதி எழுதிப் பழகிய வரியை என் பாட்டுக்கு எழுதிவிட்டேன்: "மேற்படி எல்லைக்கு உட்பட்டதும், அதிலுள்ள மாவடை மரவடை, கிணறு, கட்டடம் மற்றும் சகலமும் உள்பட." தோப்பை விற்றால் தென்னையும் சேர்ந்து போவதற்கு எழுதும் வரி அது. முத்திரையும் விழுந்துவிட்டது. ஆதிமூலம் சார் ஊஞ்சக்காட்டுக்குச் சொந்தமானார்.

வெள்ளிக்கிழமை கோபுரத்தில் அலை ஏறியது. அடேயப்பா, மலையே கூடிக் குலவை போட்டதாம்! ஆனால் யார் யாரோடு பேசினாலும் பேச்சு முதலில் ஆதிமூலம் சாரின் மேஜையில் போய் விழுந்தது. அவர் கண்ணாடியைச் சரிசெய்து, வணக்கம் சொல்லி, முக்கியத்துவம் பார்த்து அடுக்கி, ஏழரைமலைக்கும் சேர்த்து வாசித்தார். மாமியார் மருமகள் சண்டை மாநிலச் செய்தியாகப் போனது. தொலைந்த ஆடு தலைப்புச் செய்தி. யாராவது வீடியோ அனுப்பினால் அவர் அதைப் பார்த்துவிட்டுச் சொற்களில் விவரித்தார்.

சார்பதிவாளர் அம்மா என்னைக் கூப்பிட்டு வறுத்தெடுத்தார். "பிழைத்திருத்தல் பத்திரம் எழுதுங்க. அவரை எடுத்துடணும். இல்லேன்னா ஒப்படைப்பு செல்லாது, அலை சமவெளிக்குப் போயிடும்." இருபத்திரண்டு வருடத்தில் முதல் பிழை. வீட்டில் இரண்டு நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை.

அடுத்த புதன், பதினோரு மணி. கையெழுத்துப் போட கொலுசம்மா மலையிறங்கி வந்திருந்தார். பேனா காகிதத்தைத் தொடப் போகிறது. அப்போது ஊரிலிருந்து அழைப்பு வந்து, மேஜை மேலிருந்த அவருடைய போன் பேசியது.

"வணக்கம். இப்போது கிடைத்த முக்கியச் செய்தி. ஊஞ்சக்காட்டில் வெள்ளச்சிக்கு வலி எடுத்துவிட்டது. ஆம்புலன்ஸ் அரை மலைக்கு அந்தப் பக்கம் வேறொருவரை ஏற்றிக்கொண்டிருக்கிறது. ஊஞ்சக்காட்டுக்குப் பக்கத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் கவனிக்கவும்."

கொலுசம்மாவின் கை அப்படியே நின்றது.

ஏழரைமலையில் இருந்த அத்தனை போனிலும் இதே குரல். இருபத்தேழாம் கொண்டை ஊசி வளைவில் பால் ஏற்றிக்கொண்டிருந்த வேன்காரர் கேன்களை அப்படியே இறக்கி வைத்துவிட்டு ஊருக்குள் திருப்பினார். எங்களுக்கு எப்படித் தெரியும் என்றால், அதையும் ஆதிமூலம் சார் வாசித்தார்.

"வெள்ளச்சி வேனில் ஏறினார். கூடவே கிராம செவிலியரும் ஏறினார். பத்தொன்பதாம் வளைவில் சாய்ந்து கிடந்த சவுக்கு மரத்தை அவ்வூர் மக்கள் அகற்றிவிட்டனர். பதினான்காம் வளைவில் ஒரு மாட்டு வண்டி ஒதுங்கி நிற்கிறது, வண்டிக்காரருக்கு நன்றி."

அலுவலகமே எழுந்து நின்றுவிட்டது. பதிவுக்கு வந்திருந்த கல்யாண மண்டபக்காரர் "ஓட்டுய்யா, ஓட்டுய்யா" என்று என் மேஜையை அடித்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கொலுசம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு வளைவுகளை எண்ணினார். ஒன்பது. எட்டு. ஆறு.

"வேன் நான்காம் வளைவை நெருங்குகிறது. என் எல்லை இத்துடன்..."

குரல் நின்றது. நான்காம் வளைவில்தான் எழுநூறு முடிகிறது. அதற்குக் கீழே சமவெளி அலை. நடுவில் வரப்பு.

கொலுசம்மாவின் போனில் ஒன்றும் இல்லை. என் போனில் ஒன்றும் இல்லை. சார்பதிவாளர் அம்மா தன் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தார். "தம்பி, மூத்தவளுக்கும் இந்த இடத்துலதான்" என்றார் கொலுசம்மா. நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அப்போது பிச்சாண்டியின் அளவுக் கருவி வீறிட்டது. வரப்பு காலியாக இருக்கிறதா என்று பார்க்கும் கருவி அது. பதினெட்டு வருடமாக அதிலிருந்து அவர் ஒரு முனகல்கூடக் கேட்டதில்லை. இப்போது அதில் ஒரு பச்சைக் குழந்தை தொண்டை கிழிய அழுதுகொண்டிருந்தது.

"பிறந்துருச்சு!" என்று கத்தினேன். கல்யாண மண்டபக்காரர் என்னைத் தூக்கிச் சுற்றினார். கொலுசம்மா பிழைத்திருத்தல் பத்திரத்தால் முகத்தைத் துடைத்து, அதை நான்காக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். "நியூஸ்காரர் எங்க ஊர்லயே இருக்கட்டும்" என்றார். சார்பதிவாளர் அம்மா ஜன்னல் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சினார். பிறகு, ஒப்படைப்பு செல்லும் என்று குறிப்பு எழுதினார்.

அன்று ஏழு மணிக்கு ஆதிமூலம் சார் தாயும் சேயும் நலம் என்று வாசித்தார். வாசிக்கும்போது குரல் தழுதழுத்ததால் வானிலையை விட்டுவிட்டார்.

அடுத்த புதன் வெள்ளச்சி குழந்தையோடு வந்து வரிசையில் நின்றாள். பெண் குழந்தை. அழுகை இன்னும் வரப்பிலேயேதான் விழுந்துகொண்டிருந்தது. பிச்சாண்டி சங்கிலி பிடித்து அளந்தார். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓர் இழை மீறாமல், வரப்பு முழுவதையும் அது நிறைத்திருந்தது. ஆட்சேபம் உண்டா என்று சமவெளியையும் மலையையும் கேட்டோம். இல்லை என்றார்கள். குழந்தையின் பெயருக்கு நான் பத்திரம் எழுதினேன். வடக்கே ஆதிமூலம், தெற்கே சமவெளி. கடைசியில், அதிலுள்ள மாவடை மரவடை, கிணறு, கட்டடம் மற்றும் சகலமும் உள்பட என்று நிறுத்தி நிதானமாக எழுதி, குழந்தையின் பெருவிரலை மையில் தோய்த்தேன்.