அழாமல் இருக்கப் பழகிய பிள்ளை

அந்த வாரம் முழுக்கத் தாய் தன் மூன்று வயது மகளுக்கு ஒரே பாடம்தான் நடத்தினாள்.

"அம்மா வெளியே போய்க் கதவைச் சாத்துவேன். நீ என்ன செய்யணும்?"

"அழக்கூடாது."

"திரும்பி வருவேன். அப்போ?"

"ஓடி வரக்கூடாது. விளையாடணும்."

"என் தங்கம்!"

முதல் இரண்டு நாள் பிள்ளை கதவைத் தட்டித் தட்டி அழுதது. தொடையில் கிள்ளு விழுந்தது. மூன்றாம் நாள் அழுகை நின்றது.

புருஷன் செத்தபின், பிள்ளை தன்னிடம்தான் வளர வேண்டும் என்று நாத்தனார் வழக்குப் போட்டிருந்தாள். தாய் தையல் ஆலைக்குப் போகும் நேரமெல்லாம் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவள் அவள். டாக்டர் பிள்ளையைக் கவனித்து எழுதுவதை வைத்துத்தான் தீர்ப்பு என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். அடக்கமான பிள்ளையைப் பார்த்தால் வளர்ப்பை மெச்சுவார்கள் என்பது தாயின் கணக்கு.

ஆஸ்பத்திரியில் அந்த அறையில் ஒரு பாய், மரக்கட்டைகள், ஒரு பெரிய கண்ணாடி. உள்ளே இருப்பவர்களுக்கு முகம் பார்க்கிற கண்ணாடி. பின்னால் உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கு ஜன்னல்.

தாய் எழுந்து வெளியே வந்தாள். கதவைச் சாத்தினாள். பிள்ளை கட்டைமேல் கட்டை வைத்தது. மூன்று நிமிடம் கழித்து உள்ளே போனாள். பிள்ளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

வெளியே வந்தவளுக்குப் பூரிப்புத் தாங்கவில்லை. "பாத்தீங்களா டாக்டர்? கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வருதா?"

"பாத்தேன்." டாக்டர் எழுதிக்கொண்டே இருந்தார்.

"எங்கண்ணி வளர்ப்பாச்சே," என்றாள் டாக்டர் பக்கத்தில் நின்ற நாத்தனார். "பெத்தவ போனாலும் ஒண்ணுதான், வந்தாலும் ஒண்ணுதான்."

"உங்க முறைம்மா. போங்க," என்றார் டாக்டர் அவளிடம்.

நாத்தனாரைப் பற்றிப் பிள்ளைக்கு யாரும் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. உள்ளே போய்க் கொஞ்சம் உட்கார்ந்திருந்தவள் எழுந்ததுமே முந்தானையைப் பிடித்துக்கொண்டது. கதவைச் சாத்தியதும் "அத்தே! அத்தே!" என்று தரையில் புரண்டது. திரும்பி வந்ததும் கழுத்தைக் கட்டிக்கொண்டு, விக்கி விக்கி, மெல்ல அடங்கியது. அதைத் தூக்கிக்கொண்டே அவள் வெளியே வந்தாள்.

தாயின் முகம் வெளுத்தது. "இது... நல்லதா, கெட்டதா?"

"இந்த வயசுப் பிள்ளை தனக்கு வேண்டியவங்க போனா அழும். வந்தா ஓடிப்போய்க் கட்டிக்கும். அதைப் பாக்கத்தான் வரச் சொன்னோம்."

"ஐயோ! நான்தான் டாக்டர் அழாதேன்னு பழக்கினேன்! ஒரு வாரமா!"

பேனா நின்றது. "மூணு வயசுப் பிள்ளையை எப்படிம்மா பழக்கினீங்க?"

"சும்மா... லேசா ஒரு கிள்ளு."

"எங்கே?"

நாத்தனார் பிள்ளையின் பாவாடையைத் தூக்கிக் காட்டினாள். நீலமும் மஞ்சளுமாக நான்கு தடம். தினமும் குளிப்பாட்டுகிறவள், எத்தனை என்று அவளுக்குத் தெரியும். டாக்டர் அதையும் எழுதினார்.

தாய் மண்டியிட்டாள். "சின்னக்குட்டி, அம்மாகிட்ட வாடி. அம்மா போறேன், பாரு. அழு. இப்போ அழலாம்டி!"

பிள்ளை அத்தையின் தோளிலிருந்து எட்டிப் பார்த்தது. கை தானாகத் தொடையை மூடிக்கொண்டது.

"அழமாட்டேம்மா," என்றது. "கிள்ளாதே."

"போதும் டாக்டர்," என்றாள் நாத்தனார். "பிள்ளைக்குப் பசிக்கும்."

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். தாய் கதவுவரை பின்னாலேயே ஓடினாள்.

"அம்மா, கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க," என்றார் டாக்டர் தாயிடம். "அடுத்தவங்களை வரச் சொல்லணும்."