இறந்தவருக்கு நீங்கள் என்ன உறவு?

நாத்தனார் அவளைக் கடைசிவரை அண்ணி என்றுதான் கூப்பிட்டாள். அண்ணனோடு விவாகரத்தாகி ஒன்பது வருடமான பிறகும் அந்த வார்த்தையை மாற்றிக்கொள்ளவில்லை. "நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சீங்க. நான் எப்பப் பிரிஞ்சேன்?" என்பாள். அதனால், நாத்தனார் மாரடைப்பில் போய்ப் பதினைந்து நாள் கழித்து வக்கீல் ஃபோன் செய்தபோது, ஞாபகார்த்தமாக ஏதாவது எழுதி வைத்திருப்பாள் என்று நினைத்துத்தான் அண்ணி கிளம்பிப் போனாள்.

உயில் ஒரே பக்கம். வீடு அண்ணனுக்கு. பல் செட் செய்கிற கருவிகளெல்லாம் அவளோடு வேலை பார்த்த பெண்ணுக்கு. இவற்றை உரியவர்களிடம் சேர்க்கும் பொறுப்பு அண்ணிக்கு.

"எனக்கு என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டாள் அண்ணி.

"பொறுப்புதாம்மா எழுதியிருக்காங்க," என்றார் வக்கீல்.

அவர் சிரிக்கவில்லை. இவளுக்கும் சிரிப்பு வரவில்லை.

"முடியாதுன்னு சொல்லலாமா?"

"சொல்லலாம். அப்புறம் கோர்ட் வேற ஆளைப் போடணும், அது இன்னும் இழுக்கும். இந்த உயில் உண்மையானதுதான்னு கோர்ட் முத்திரை போட்டுக் குடுக்கணும்மா. அதுக்குப் பேர்தான் புரோபேட். அது இல்லாம அந்த வீட்டுப் பத்திரத்துல ஒரு எழுத்தைக்கூட மாத்த முடியாது."

"எவ்வளவு நாள் ஆகும்?"

"எல்லாம் சரியா இருந்தா நாலு மாசம்."

எல்லாம் சரியாக இல்லை.

அண்ணி வேலை பார்ப்பது ஒரு சலவை ஆலையில். ஏழெட்டு மருத்துவமனைகளின் படுக்கை விரிப்புகளும் அறுவைச் சிகிச்சை அங்கிகளும் அங்கே வந்து சலவையாகிப் போகும். இஸ்திரிப் பிரிவுக்கு அவள்தான் மேற்பார்வை. காலை ஆறு மணிக்கு நீராவிக்குள் நுழைந்தால் இரண்டு மணிக்கு வெளியே வருவாள். அரசு அலுவலக ஜன்னல்கள் மூடுவது நான்கு மணிக்கு. நடுவில் இருக்கும் இரண்டு மணி நேரத்தில்தான் பேருந்து, வரிசை, மேல்மாடி, கீழ்மாடி எல்லாம். பிளீச்சிங் பவுடர் வாசனையோடு போய் நிற்பாள். பக்கத்தில் நிற்பவர் ஓரடி தள்ளி நிற்பார்.

முதல் ஜன்னலில் இருந்த குமாஸ்தா தலையைத் தூக்காமல் கேட்டார்.

"இறந்தவருக்கு நீங்க என்ன உறவு?"

"அண்ணி."

"சரி. இறந்தவரோட அண்ணன் மனைவி."

"இல்ல சார். முன்னாடி மனைவி."

பேனா நின்றது. "முன்னாடின்னா?"

"இப்ப இல்ல."

"இப்ப இல்லைன்னா அப்புறம் எப்படிம்மா அண்ணி?"

படிவத்தில் மனைவி, கணவர், மகன், மகள், உடன்பிறந்தவர் என்று வரிசையாகக் கட்டங்கள் இருந்தன. கடைசியில் 'மற்றவை'. குமாஸ்தா அதில் ஒரு டிக் போட்டார். அடுத்த ஜன்னலிலும் அதே கேள்வி, அதே விளக்கம். மூன்றாவது இடத்துக்குப் போனபோது அவளே முந்திக்கொண்டு, "மற்றவைல போடுங்க" என்றாள்.

பிறகு இறப்புச் சான்றிதழில் ஒரு தகராறு. நாத்தனாரின் அப்பா பெயரில் ஒரு எழுத்து கூடுதலாக விழுந்திருந்தது. உயிலில் இருப்பவளும் செத்துப்போனவளும் ஒரே ஆள்தான் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். மருத்துவமனையைக் கேட்டால் நகராட்சிக்குப் போகச் சொன்னார்கள். நகராட்சியில் மருத்துவமனைக் கடிதம் இருக்கிறதா என்றார்கள். அந்த ஒரு எழுத்தை எடுக்க ஆறு வாரம் ஆனது.

அடுத்தது அண்ணன்காரர். உயிலில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்று அவர் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். அவர் கட்டட வரைபடம் போடுகிறவர், வீட்டிலேயேதான் வேலை. அண்ணி மூன்று முறை போனாள். முதல் முறை, "நாளைக்குப் போட்டு வைக்கிறேன்" என்றார். இரண்டாம் முறையும் அதையே சொன்னார். பத்தொன்பது வருடக் குடித்தனத்தில் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன 'நாளைக்கு' அது. அதிலிருந்து தப்பிக்கத்தான் அவள் ஒரு கோர்ட் ஏறினாள். இப்போது அதே 'நாளைக்கு' என்பதற்காக இன்னொரு கோர்ட்.

மூன்றாம் முறை அவள் உட்காரவில்லை.

"வீடு உங்களுக்குத்தான் வருது. எனக்கு இல்ல. ஞாபகம் இருக்கா?"

"இருக்கு." அவர் மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கையெழுத்துப் போட்டா அவ நிஜமாவே போயிட்டான்னு ஆயிடும்ல."

அண்ணிக்கு ஒரு கணம் பாவமாக இருந்தது. அடுத்த கணமே, இந்தத் துக்கத்துக்கும் தான்தான் ஓடிக்கொண்டிருக்கிறோம் என்று எரிச்சல் வந்தது. மூடியைக் கழற்றிப் பேனாவை அவர் கையில் வைத்தாள். போட்டார்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தபோது சாட்சி விவகாரம் வந்தது. உயிலில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். ஒருவர் நாத்தனார் வேலை பார்த்த கிளினிக்கின் பல் டாக்டர், அவர் போன வருடமே காலமாகிவிட்டார். இன்னொருவர் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவர். அது தன் கையெழுத்துதான் என்று அவர் நேரில் வந்து சொல்ல வேண்டும். கடை இருந்த இடத்தில் இப்போது செல்ஃபோன் உறை விற்றுக்கொண்டிருந்தார்கள். "அவரு கடையை மூடிட்டு மக வீட்டுக்குப் போயிட்டாருக்கா" என்றான் கடைக்காரன். எந்த ஊர் மகள், எந்தத் தெரு என்று விசாரித்துக் கண்டுபிடிக்க நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போயின.

மகள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் இல்லை. ஜெராக்ஸ்காரர் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அண்ணி உயிலின் நகலை நீட்டினாள். அவர் கை காகிதத்துக்குப் பக்கத்தில் காற்றைத் தொட்டது.

"சர்க்கரை கண்ணுல ஏறிடுச்சும்மா. வெளிச்சம் மட்டும்தான் தெரியும்."

அண்ணி அப்படியே கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "இது உங்க கையெழுத்தான்னு கேப்பாங்க. ஆமான்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், ஐயா" என்றாள்.

"பாக்க முடியாததைப் பாத்து எப்படிம்மா ஆமாம்பேன்? அந்த ஒரு வார்த்தைதான் வராது."

அவளுக்குச் சண்டை போடத் தெம்பு இல்லை. அதைப் பார்க்காமலே உணர்ந்தவர்போல அவர் சொன்னார்: "ஆனா வர்றேன். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன்."

விசாரணை அறையில் மின்விசிறி சுற்றியது, காற்றுதான் வரவில்லை. விசாரணை அதிகாரி உயிலை நீட்டினார். ஜெராக்ஸ்காரர் வாங்கவில்லை.

"எனக்குக் கண்ணு தெரியாதுங்க."

அதிகாரி அண்ணியைப் பார்த்தார். பார்வையில் 'எதற்கு அழைத்து வந்தாய்' என்று இருந்தது.

"அன்னிக்கு டாக்டர் ரூம்லதான் கையெழுத்துப் போட்டோம்," என்று ஜெராக்ஸ்காரரே ஆரம்பித்தார். "அந்தப் பொண்ணு முதல்ல போட்டுச்சு. அப்புறம் டாக்டர். நான் கடையை அப்படியே விட்டுட்டு ஓடி வந்தவன், அவசரத்துல எழுதினேன். மேசை மேல பல் அச்சு ஒண்ணு இருந்துது, முழங்கை அதுல இடிச்சுடுச்சு. என் கையெழுத்தோட வாலு மேல ஏறி டாக்டர் பேர்மேல போயிடுச்சு. அவரு, 'என்னய்யா, என்னை அடிச்சுட்டே'ன்னு சிரிச்சாரு. அப்படி இருக்கான்னு பாருங்க."

அதிகாரி மூலப் பிரதியை ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். இரண்டாம் கையெழுத்தின் கடைசி இழுப்பு மேலே ஏறி, டாக்டரின் பெயரைக் குறுக்கே வெட்டியிருந்தது. மீண்டும் ஒரு முறை பார்த்தார். பிறகு தட்டச்சு செய்பவரிடம், "எழுதிக்குங்க" என்றார்.

வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் ஜெராக்ஸ்காரருக்கு டீ வாங்கிக் கையில் கொடுத்தாள் அண்ணி. இத்தனை மாதமாக உறுத்தியதைக் கேட்டாள்.

"சொந்த அண்ணன் இருக்கிறப்ப என் பேரை எதுக்கு எழுதினா? ஏதாவது சொன்னாளா?"

"டாக்டரும் அதைத்தான் கேட்டாரு. 'அண்ணன்கிட்ட குடுத்தா இந்தப் பேப்பர் செல்லரிச்சுப் போயிடும் சார். அண்ணின்னா திட்டிக்கிட்டே முடிச்சுடுவாங்க'ன்னுச்சு."

அண்ணி சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு கோபம் வந்தது. செத்த பிறகும் வேலை வாங்குகிறாள் பார். பாசம் என்றால் ஒரு வளையலை எழுதி வைக்கக் கூடாதா? இந்தக் கேள்வியோடு அவரைக் கைபிடித்துப் பேருந்து ஏற்றி, மூன்று மாடி ஏற்றி, மகளிடம் விட்டுவிட்டு வந்தாள்.

பதினோராம் மாதம் கோர்ட் ஆணை கிடைத்தது. கருவிகளைப் பெட்டியில் கட்டி, நாத்தனாரோடு வேலை பார்த்த பெண்ணிடம் சேர்த்தாள். அவள் ஒவ்வொன்றாக எடுத்துத் துடைத்தபடி அழுதாள். அண்ணி ரசீதில் கையெழுத்து வாங்கிக்கொண்டு நின்றாள். அடுத்து அண்ணன்காரர் வீடு. காகிதக் கட்டையும் சாவிக்கொத்தையும் மேசையில் வைத்தாள்.

"வரி ஆபீஸ்ல பேர் மாத்தணுமாமே," என்றார் அவர். "நாளைக்கு நீயும் வந்தீன்னா..."

"உயில்ல எழுதினது முடிஞ்சுது."

அவர் பென்சிலை எடுத்தார். "எந்த ஜன்னல்னாவது சொல்லு."

"மூணாவது. மத்தியானம் போகாதீங்க, ஆள் இருக்காது."

அவர் அதை வரைபடத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டார். போவாரா, தெரியாது. அவள் கேட்கவும் இல்லை.

வீட்டுக்கு வந்து கால் கழுவிவிட்டு ஆலைக்கு ஃபோன் செய்தாள். ஷிப்ட் போடுகிற பெண் எடுத்தாள்.

"நாளைக்கு எனக்கு லீவு போடும்மா."

"மறுபடி கோர்ட்டா மேடம்?"

"இல்ல. என் நாத்தனார் செத்துட்டா."

"மேடம், அது போன வருஷம்ல?"

"ஆமா. எனக்கு இப்பத்தான் நேரம் கிடைச்சுது."

அந்தப் பக்கம் இயந்திரங்களின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு அந்தப் பெண், "ரெண்டு நாளாப் போட்டுடறேன் மேடம்" என்றாள். அண்ணி ஃபோனை வைத்துவிட்டு, கண்ணைத் துடைக்காமல், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள்.